கால் எட்டாத வண்டி

மைனியிடம் "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று கேட்டால் போகிற ஊரைச் சொல்ல மாட்டாள். "மணக்காட்டுல ரேஷன்கட முன்னால ஒரு படி உண்டும்லா, அங்க ஒருக்க நிப்பேன். பெறவு திருவல்லம் பாலம் தாண்டி, அந்தச் சுமைதாங்கிக் கல்லுகிட்ட நிப்பேன்" என்பாள். அதைக் கேட்டு, கோவளம் பக்கம் போகிறாள் என்று நாமாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும். நிற்கிற இடங்களை வரிசையாக வைத்துத்தான் அவள் ஊரை அறிந்திருந்தாள். திருவனந்தபுரத்தில் எங்கெங்கே நடைபாதைக் கல் உயரம், எந்தக் கோயில் மதிலடியில் ஒரு திண்டு துருத்திக்கொண்டிருக்கிறது, எந்தச் சிக்னலில் சாலை இடப்பக்கம் சரிந்திருக்கிறது என்பதெல்லாம் அவளைப்போல் தெரிந்த இன்னொருவர் அந்த நகரத்தில் இருந்திருக்க முடியாது.

காரணம் எளிது. அவள் உயரம் நாலடி ஒன்பது அங்குலம். அவள் ஓட்டிய வண்டி ஐந்நூறு சிசி. பெரிய டாங்கி, முன்னால் கண்ணாடித் தடுப்பு, பின்னால் இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி. நெடுந்தூரம் போவதற்கென்றே ஒரு வெள்ளைக்காரர் டெல்லியில் செய்து வாங்கியது. அதில் உட்கார்ந்தால் அவள் கால் தரையில் எட்டாது.

"ஓட்ட எளுப்பம் பிள்ளே" என்பாள். "நிறுத்தத்தான் பாடு."

தொண்ணூறுகளின் நடுவில் ஆரியசாலையில் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு ஓட்டு வீடுகளில் அவர்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். அவர்களுக்குத் தக்கலை, எங்களுக்கு வள்ளியூர். அவளுடைய கணவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டேன், அதனால் அவள் மைனி ஆனாள். மற்றபடி உறவு கிடையாது. என் வீட்டுக்காரர் சாலைக் கம்போளம் என்கிற சந்தையில் அரிசி மண்டியில் வேலை பார்த்தார். நான் வீட்டில் இருந்து துணி தைத்தேன். மைனி பக்கத்துத் தெருவில் ஒரு மருந்துச்சரக்குக் கடையில் பொட்டலம் கட்டினாள். திப்பிலி, கடுக்காய், அதிமதுரம். மாலையில் அவள் வந்தால் அவளுக்கு முன்னால் அந்த வாசனை வரும். கடையில் மேல்தட்டு டப்பாவை எடுத்துத்தரச் சொல்லி ஒரு நாளும் யாரையும் கேட்டதில்லையாம். முக்காலியைக் காலாலேயே தள்ளிக்கொண்டு போய் ஏறிக்கொள்வாளாம்.

அண்ணன் ஆறடிக்குக் குறையாதவர். கோவளத்தில் ஒரு ஓட்டலில் கார் டிரைவர். ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் அந்த வண்டியை அவருக்குத்தான் கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளை இல்லாத வீடு. வண்டியை அவர் துடைக்கிற நேரம் பார்த்தால் நமக்கே ஒரு மாதிரி இருக்கும். மைனியைப் பின்னால் வைத்து ஒருமுறை காஷ்மீர்வரை போய்வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு மாதம்தான் ஓட்டினார்.

அவருக்குச் சர்க்கரை. கண்ணில் இறங்கியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஓட்டல் காரை மதிலில் உரசியபோதுதான் வெளியே தெரிந்தது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில், மழை ஓடுகிற கண்ணாடி வழியே பார்ப்பதுபோல வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும் என்றார். வேலை போயிற்று. அதன்பிறகு அவர் வாசலைத் தாண்டவில்லை. இருக்கிற ஒளியாவது தங்க வேண்டுமென்றால் மாதாமாதம் வந்து லேசர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கண்ணாஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவர் போக மாட்டேன் என்றார்.

எங்கள் வீட்டுக்கு எல்லாம் கேட்கும். சுவர் ஒன்றுதானே.

"பஸ்ஸுல கையப் புடிச்சு ஏத்துவ. எவனாம் எழும்பி எடம் தருவான். எனக்கு வேண்டாம்."

"ஆட்டோ புடிப்போம்."

"இருவது வருசம் வளையம் புடிச்சவன், பின்னால உக்காந்து எவனோ கியர் மாத்துகதக் கேட்டுட்டு வரணுமா?" பிறகு அவர் சிரிக்கிற சத்தம். நல்ல சிரிப்பில்லை அது. "எனக்க வண்டியில கொண்டு போ. வாறேன்."

ஐந்து நிமிஷத்தில் மைனி என் வீட்டு வாசலில் நின்றாள்.

"பிள்ளே, அந்த இஞ்சுடேப்ப எடுத்துட்டு வா."

வண்டிமேல் கிடந்த தார்ப்பாயை விலக்கி, தரையிலிருந்து சீட்டுவரை நான் அளந்தேன். முப்பத்து மூன்று. பிறகு அவளுடைய கால் உள்ளளவை எடுத்தேன். இருபத்தைந்து. நான் சொன்னதும் அவள் மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். முகம் மாறவில்லை. வெள்ளைக்காரர் மேலே போட்டிருந்த தடிமெத்தையைக் கழற்றினோம், இரண்டு இஞ்சு இறங்கியது. அடிச்சீட்டின் ஸ்பஞ்சை முன்பக்கம் ஒடுக்கமாகச் செதுக்கினாள். ஒன்றரை. அதற்கு நான் புது ரெக்சின் உறை தைத்தேன், என் மெஷினில் இரண்டு ஊசி ஒடிந்தது. கம்போளத்துச் செருப்புத் தொழிலாளி அவள் ஷூவுக்கு டயர் ரப்பரில் இரண்டு இஞ்சு அட்டை வைத்துக் கொடுத்தார்.

"இன்னும் ரெண்டரை இஞ்சு நிக்குதே மைனி."

"ஒரு கால் எட்டினா போரும்லா. சாஞ்சா கிட்டும்."

வண்டியைக் கிளப்பவே அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஏறி நின்று மிதிக்க வேண்டும். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். முதல் நாள் கேலிக்காகத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். "மீட்டர் முள்ளு நடுவுல வந்துட்டா?" என்று கேட்டார். "வந்துட்டு" என்றாள். "அப்பம் அந்தச் சின்ன லிவர விடு. ஒடம்பு முழுசும் போட்டு மிதி." முழு உடம்பென்றால் நாற்பத்திரண்டு கிலோ. கிக்கர் திருப்பி அடித்தது. முழங்காலுக்குக் கீழே பப்பாளிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. மறுநாள் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஏறினாள். கேலிக்கு வந்த மனிதர் நாலைந்து நாளில் காதைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். இஞ்சின் ஒரு நாள் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க அதிர்ந்தபோது அவர் கை இரண்டையும் டாங்கியில் வைத்து அப்படியே நின்றார்.

பிறகு காலையில் புத்தரிக்கண்டம் மைதானம். மைதானம்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போக என் வீட்டுக்காரர் துணை. அண்ணன் மைதானத்துக்கு நடுவில் நிற்பார். மைனி அவரைச் சுற்றி வட்டம் அடிப்பாள். சத்தம் போகிற பக்கமெல்லாம் அவர் முகம் திரும்பும். "கிளச்ச முழுசா விடாத!" "ரெண்டாவதுல வா!" நான் தைத்துக்கொடுத்த தொளதொள சுடிதாரில், வாழ்நாளில் முதல் முறையாகச் சேலை இல்லாமல், அவள் வண்டியின் கண்ணாடிக்குப் பின்னால் நெற்றி மட்டும் தெரிய வருவாள். நிறுத்தும்போதெல்லாம் விழுந்தாள். முதல் தடவை என் வீட்டுக்காரர் ஓடினார். "தொடாதீங்க" என்று சொல்லிவிட்டாள். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹாண்டிலையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்து நடந்து அதை நிமிர்த்தினாள். அது எங்கே கற்றாள் என்று தெரியவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"விழுந்துட்டியா?" என்று அண்ணன் நடுவிலிருந்து கத்தினார்.

"இல்ல, சும்மா சாச்சு வச்சேன்."

லைசென்சுக்குப் போன இடத்தில் இன்ஸ்பெக்டர் அவளையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "சேச்சி, ஒரு சைக்கிள் போரே? போதாதா?" என்று கேட்டாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். இவள் எட்டுப் போட்டு வந்து, அவர் காட்டிய கோட்டில் இடது காலை ஊன்றி ஆடாமல் நின்றாள். முந்தின நாளே பஸ்ஸில் போய் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் புல்லுக்குள் ஒரு செங்கல்லைப் பதித்துவிட்டு வந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்படி அண்ணனைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

ஆறடி மனிதர் பின்னால், அவர் நெஞ்சளவுக்கு இவள் முன்னால். ஆரியசாலை முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. டீக்கடைப் பையன்கள் விசில் அடித்தார்கள். ஆனால் அண்ணன் ஏறியதும் ஒரு வசதி வந்துவிட்டது. அவர் கால் நீளம். வண்டி நிற்கப்போகும்போது மைனி "ஊனுங்க" என்பாள். அவர் இரண்டு காலையும் தரையில் வைப்பார். வண்டி கல்தூண்போல நிற்கும். இனி படி, கல், திண்டு எதையும் தேட வேண்டாம். அந்த மாதங்களில் அண்ணன் குரலே மாறியிருந்தது. "நான் இல்லேண்ணா இவ சிக்னலுல நிக்க முடியாது தங்கச்சி" என்று என்னிடம் சொல்வார். வேலை போனபிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பெருமை அது.

ஒரு வருஷம் அப்படிப் போயிருக்கும். கரமனைக்குப் பக்கத்தில் ஒரு ஏற்றத்தில் பஸ் முன்னால் நின்றுவிட, மைனி பிரேக்கைப் பிடித்து "ஊனுங்க" என்றிருக்கிறாள். வண்டி நிற்கவில்லை. இடப்பக்கமாகச் சாய்ந்தது, சாய்ந்தது, இரண்டு பேரோடும் விழுந்தது. பின்னால் வந்த லாரி எப்படி நின்றதோ. மைனிக்கு மணிக்கட்டு எலும்பு விலகியது. அண்ணனுக்கு முழங்கை உரிந்துவிட்டது. ஆட்கள் தூக்கிவிட்டபோது அத்தனை பேர் முன்னால் அவர் அவளைப் பார்த்து, இல்லை, அவள் நின்ற திசையைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்.

"ஒரு சாண் ஒசரம் வச்சுட்டு ஒனக்குக் கொள்ளாத்த பணிக்கு எதுக்குடி எறங்கின?"

"என் தப்புதான்" என்றாளாம்.

எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. கட்டுப் போட்ட கையோடு அவள் அரிசி களைவதைப் பார்த்துவிட்டு, "அண்ணன் வேணும்னே கால வைக்கல்ல மைனி. நீங்க ஓட்டுறது அவருக்குப் பொறுக்கல்ல" என்று சொல்லிவிட்டேன். அவள் தண்ணீரை மாற்றி மறுபடி களைந்தாள். ஆனால் நான் சொன்னது அவளுக்குள்ளும் இருந்திருக்க வேண்டும். இரண்டு வாரம் அந்தச் சுவருக்கப்பால் பேச்சே கேட்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் அண்ணன் சுவரைத் தடவிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மைனி கடைக்குப் போயிருந்தாள். நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். மழையைப் பற்றி, கோவளத்து ஓட்டலைப் பற்றி என்னென்னவோ பேசினார். ஒரு மணி நேரம் இருக்கும். கால்மேல் கால் போட்டபோது அவருடைய உள்ளங்கால் என் பக்கம் திரும்பியது. அதில் என்னுடைய குண்டூசி ஒன்று, நீலத்தலை மட்டும் வெளியே தெரிய, முழுசாக இறங்கியிருந்தது.

அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

நான் மெதுவாகக் கீழே உட்கார்ந்து, "அண்ணே, கால்ல நூலு சுத்தியிருக்கு" என்று சொல்லி அதைப் பிடுங்கினேன். ஊசி வந்தபிறகு ரத்தம் வந்தது. அவர் காலை இழுக்கக்கூட இல்லை.

மைனி கடையிலிருந்து வந்ததும் அவளைப் பின்பக்கம் கூப்பிட்டு ஊசியைக் காட்டினேன். வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கால் மரத்துப் போச்சு" என்றாள் கடைசியில். "வச்சமா வைக்கல்லியாண்ணு அவியளுக்கே தெரியாது."

"டாக்டர்ட்ட சொல்லணும் மைனி."

"சொல்லுகேன். டாக்டர்ட்ட தனியா சொல்லுகேன். அவியட்ட நீ சொல்லப்பிடாது கேட்டியா." என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் யாரையும் தொட்டுப் பேசுகிற ஆளில்லை. "கண்ணு போச்சு. வேல போச்சு. எனக்கு ஊனிக் குடுக்கது ஒண்ணுதான் மிச்சம். அதயும் பிடுங்கவா சொல்லுக?"

மணிக்கட்டு சரியானதும் என்னைப் பின்னால் ஏற்றினாள். நான் அப்போதே எழுபது கிலோ. அண்ணன் கனத்துக்கு அவளுக்குக் கிடைத்த ஆள் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனிடம் துணி எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவோம். நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருப்பேன். "காலத் தூக்கி வச்சுக்கோ பிள்ளே. செத்தாலும் ஊனப்பிடாது" என்பாள். வண்டி ஊர்ந்து வரும்போதே எங்கே நிற்பது என்று பார்த்துவைத்து, முன்பிரேக்கைப் பூப்போலப் பிடித்து, கடைசி நொடியில் இடுப்பை இடப்பக்கம் நழுவவிட்டுக் கால் நுனியைக் கல்லில் வைப்பாள். என்னையும் வண்டியையும் சேர்த்து அந்த ஒற்றைக்காலில் வாங்குவாள். அவள் தொடை நடுங்குவது என் முழங்காலில் தெரியும். விழிஞ்ஞத்தில் மீன் ஏலம் நடக்கிற இடத்துக்கு மேலே ஒரு மோசமான இறக்கம் உண்டு. அங்கே ஒரே நாளில் பதினைந்து தடவையாவது நிறுத்தியிருப்பாள். வலைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நான் இரண்டு முறை விழுந்தேன். என் வீட்டுக்காரரிடம் குளியலறையில் வழுக்கினேன் என்றேன்.

அதற்குப்பிறகுதான் நான் முதலில் சொன்ன அந்தப் பழக்கம், நிற்கிற இடங்களாகவே ஊரைச் சொல்வது, அவளுக்கு வந்தது. அண்ணனை மறுபடி ஏற்றினாள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரி. ஞாயிற்றுக்கிழமை விழிஞ்ஞம். அங்கே துறைமுகத்துச் சுவரில் அவரை உட்காரவைத்து, எந்தப் படகு என்ன நிறம் என்று சொல்வாள். ஒருமுறை கன்னியாகுமரிவரைகூடப் போய்வந்தார்கள். காஷ்மீர் பேச்சு மட்டும் மறுபடி எழவில்லை.

நிறுத்துகிற இடம் வந்ததும் முதலில் இவள் காலை ஊன்றிவிடுவாள். வண்டி நின்றபிறகு, "ஊனுங்க" என்பாள். அவர் அந்த உணர்ச்சியில்லாத பாதங்களை இறக்கித் தரையில் எங்கேயோ வைப்பார். "ஊனியாச்சு" என்பார், மிடுக்காக. "நல்லகாலம்" என்பாள் இவள். என் வீட்டு வாசலில் அவர்கள் வந்து நிற்கும்போதெல்லாம் இதைக் கேட்டிருக்கிறேன். நாலு வருஷம். ஒரு தடவைகூட அவள் வரிசையை மாற்றிச் சொன்னதில்லை.

அண்ணனுக்குச் செருப்பு கடித்த ஒரு புண் ஆறவில்லை. முதலில் இரண்டு விரல் எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் நானும் மைனியும் முறைவைத்து இருந்தோம். ஒரு நாள் பகலில் அவள் கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தாள். அண்ணன் தூங்குகிறார் என்று நினைத்து நான் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, அவ போயாச்சா?"

"ஆமாண்ணே."

"இனி ஊனச் சொல்ல ஆளில்ல அவளுக்கு" என்றார். நான் ஏதோ ஆறுதல் சொல்லப்போனேன். கையைத் தூக்கி நிறுத்தினார். "எனக்குத் தெரியும். கரமனையில விழுந்ததுக்குப் பெறவு ஒரு நாளும் அந்த வண்டி எனக்க காலுல நின்னதில்ல. அவ நிறுத்திட்டுத்தான் சொல்லுவா. இருவது வருசம் வண்டி ஓட்டினவனுக்கு, பாரம் எந்தப் பக்கம் போவுதுண்ணு தெரியாதா?"

எனக்குக் கையில் ஊசி நின்றுவிட்டது.

"பெறவு ஏன் அண்ணே ஒண்ணும் சொல்லல்ல?"

"அவ அதுக்கு எவ்வளவு பாடுபட்டிருப்பா. சொன்னா அவளுக்கு மனசு ஒடிஞ்சிரும்லா." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "நீயும் சொல்லப்பிடாது."

அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டார். ஊருக்குக் கொண்டுபோனார்கள். காரியங்கள் முடிந்து மைனி தனியாகத் திரும்பிவந்தாள். கடைக்குப் போனாள், வந்தாள். வண்டியைக் கடைக்கு எடுத்துப்போக ஆரம்பித்தாள். பின்னால் கனம் இல்லாததால் வண்டி துள்ளுகிறது என்று ஒருநாள் சொன்னாள். அழுது நான் பார்க்கவில்லை.

அடுத்த சித்திரை வாக்கில் ஒரு மாலை, ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தாள். மெலிந்துபோயிருந்தாள், எல்லா அளவும் இரண்டு இஞ்சு குறைத்து எழுத வேண்டியிருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது தானாகவே பேசினாள்.

"அவியளுக்கு நான் ஒண்ணும் செய்து குடுக்கல்ல பிள்ளே. ஒரு பிள்ள இல்ல. காஷ்மீர் போவல்ல. ஆனா கால் போனது தெரியாம நாலு வருசம் காப்பாத்தினேன். அவிய சாவுகது வரைக்கும் தெரியாது. அது ஒண்ண நெனச்சுத்தான் எனக்கு ஒறக்கம் வருது."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, ஏன் சொன்னேன் என்று. அவர் அவளை எவ்வளவு நேசித்தார் என்று அவளுக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை. அவர் என்னிடம் சொன்னார், அவளிடம் சொல்லவில்லை என்பதில் எனக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது. அதுவும் சேர்ந்துதான் வாயைத் திறந்தது.

"அண்ணனுக்குத் தெரியும் மைனி" என்றேன். ஆஸ்பத்திரியில் அவர் சொன்னதை எல்லாம் சொன்னேன். நல்ல செய்தி சொல்கிறவள்போல, கண்ணீரோடு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். கோபமாக இல்லை. அந்தக் கைக்கு வேறு வேலை இருப்பதுபோல.

"மொதல்லேந்தே தெரியுமா?"

"கரமனைக்குப் பெறவு."

"அப்பம் ஒவ்வொரு தடவையும் நான் ஊனுங்கண்ணு சொல்லச்சில..." என் தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒவ்வொரு தடவையும் அவியளுக்கு ஞாபகப்படுத்தியிருக்கேன். கால் இல்ல, கால் இல்லண்ணு. நாலு வருசம்."

"அப்படியில்ல மைனி. உங்க சந்தோஷத்துக்காகத்தான் அவர்..."

"எனக்கு என்ன சந்தோஷம் பிள்ளே அதுல?" என்றாள். "எனக்கு அந்த வண்டியக் கண்டாலே பயம். ஒரு நாளும் எனக்குப் பயம் போனதில்ல. அவிய சந்தோஷத்துக்கு நான் ஏறினேன். எனக்க சந்தோஷத்துக்கு அவிய ஏறியிருக்கு. ரெண்டு பேரும் ஏறணும்ணு ஏறல்ல."

விழிஞ்ஞத்துச் சுவரில் உட்கார்ந்து அவர் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னதே போதும் என்றிருந்தது. அவள் துணியை என் மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாளிலிருந்து கடைக்கு நடந்து போனாள். வண்டியின்மேல் மறுபடி தார்ப்பாய் ஏறியது. என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. குழம்பு கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது ஏதாவது வைத்துத்தான் தருவாள். ஆனால் அவள் வீட்டுக்குள் நான் போனால் எழுந்து நிற்க ஆரம்பித்தாள், விருந்தாளி வந்ததுபோல. அந்த ஜாக்கெட்டுகளைத் தைத்துக் கொடுத்தேன். அதற்குப்பின் அவள் என்னிடம் துணி கொடுக்கவில்லை.

ஆவணியில் பாலராமபுரத்திலிருந்து ஒரு ஆள் வண்டியை வாங்க வந்தார். நெசவுத் தரகர், வாட்டசாட்டமான மனிதர். மைனி வாசல்படியில் நின்று அவருக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். மழைக்காலத்தில் எப்படிக் கிளப்புவது, இரண்டாவது கியர் எங்கே முரண்டு பிடிக்கும், எந்தப் பெட்டியின் பூட்டு சரியில்லை. "சீட்டு நல்ல தாழ்ச்சையாணல்லோ" என்று அவர் அந்தத் தாழ்ந்த சீட்டைத் தட்டிச் சிரித்தார். "மாத்திக்கிடுங்க" என்றாள். அவர் ஒரே மிதியில் கிளப்பினார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் என் வாசலில் நின்று பார்த்தேன். தெருமுனையில் ஒரு கைவண்டி குறுக்கே வந்தது. அவர் வண்டியை நிறுத்தி, இரண்டு பாதத்தையும் தரையில் முழுசாகப் பதித்து, ஒரு யோசனையும் இல்லாமல், பையிலிருந்து ஒரு பீடியை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டு நின்றார்.